யுவனுக்கு ஏற்ற பாடத்திட்டம்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் எல்லோரும் முதலில் கேட்பது, சீருடையை என்ன செய்தீர்கள் என்றுதான். நான் சட்டைகளைப் பிரித்துத் தலையணை உறை தைத்துக்கொண்டேன். துணி நல்ல கனம். நீங்கள் தமிழிலேயே கேட்பது எனக்கு வசதியாக இருக்கிறது, மேடம்.

யுவன் மூன்று வயதிலேயே தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் நின்று போர்டுகளைப் படித்தவன். கன்னடம், இங்கிலீஷ் இரண்டும். ஏழு வயதில், வகுப்பில் மற்றவர்கள் எழுத்துக்கூட்டும்போது இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். பையனுக்குக் கவனம் இல்லை என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கவனிக்க அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தவள். குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். வேலையை விட்டேன்.

பாடத்திட்டம் தேர்ந்தெடுக்க ஒரு கோடை முழுக்க ஆனது. ஒன்றில் கணக்குப் பாடத்துக்குள்ளேயே பிரார்த்தனை வந்தது. இன்னொன்றில் எதற்கெடுத்தாலும் சுலோகம். எனக்கு மதம் கலக்காதது வேண்டும். பாடப்புத்தகமே இல்லாமல், கதைகளைக் கொண்டே சரித்திரமும் விஞ்ஞானமும் சொல்லித் தருவது வேண்டும். அதிபுத்திசாலிக் குழந்தைகளுக்கென்றே செய்த ஒன்று கடைசியில் கிடைத்தது. நான் கதையைப் படிக்க வேண்டும், அவன் தன் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகத்தின் வார்த்தையைக் கடன் வாங்கக் கூடாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

என் கணவர் ராஜேஷ்குமாருக்கு இஷ்டமில்லை. "ஒரு வருஷம் பாரு வைஷு. அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னாலும் ஜூன்ல ஸ்கூல்ல போட்டுடுவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ப்ராஜெக்ட் என்று புனேக்குப் போனார்.

நன்றாகத்தான் போனது. ஸ்கூல் வேன் சத்தம் கேட்டால் யுவன் பால்கனிக்கு ஓடுவான். அந்த நேரத்தில் கதவைச் சாத்திவைக்கப் பழகிக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் ஒரு கப்பல் கதை படித்துக்கொண்டிருந்தோம். அதில் வேலைக்காரப் பையன் ஒருவன் காய்ச்சலில் படுக்கிறான். மறுநாள் காலை யுவன் தோசையைத் தள்ளிவைத்துவிட்டு வயிறு வலிக்கிறது என்றான்.

"எப்படி வலிக்குது?"

"உள்ள யாரோ கயித்தப் புடிச்சு இழுக்கிற மாதிரி."

கயிறு கப்பலிலிருந்து வந்தது. "அது புக்ல இருக்கிறது. உன்னோடதா சொல்லு" என்றேன்.

யோசித்தான். "தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு இந்தப் பக்கம் போகுதும்மா" என்று வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். துல்லியமாக இருந்தது. பாராட்டினேன். பிறகு வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

அடுத்த நாள் உடம்பு கொதித்தது. காலை நீட்ட முடியவில்லை. எப்படி வலிக்கிறது என்று கேட்டால், "வலிக்குதும்மா, அவ்ளோதான்" என்றான். அவ்வளவு சொல்வளம் உள்ள பிள்ளை அப்படிப் பேசியது எனக்கு வருத்தமாக இருந்தது.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மரகதம் அக்கா படியேறி வந்தார். "ஏம்மா, பையன் அழுறது கீழ வரைக்கும் கேக்குது. ஆட்டோ கூப்புடட்டா?"

"கதையில வர்ற பையன் மாதிரி நடிக்கிறான்க்கா. பாடம்தான்."

"நல்ல பாடம் போ" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கணவர் போன் செய்தார். "ஜுரம்னு சொல்றானே. டாக்டர்கிட்ட காமிச்சியா?"

"காமிச்சாச்சு. அஜீரணமாம்."

அதற்குப் பிறகு யுவனிடம் போனைக் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும். அவன் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டிய அன்றே தேடிப் படித்துவிட்டேன். குடல்வால். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் ராஜேஷ் வந்துவிடுவார், ஜூனில் அவனைப் பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவார். சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்றும் ஓரிடத்தில் போட்டிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், "அம்மா, இப்ப வலிக்கல" என்றான். முகம் வெளுத்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் படித்திருந்தேன். உள்ளே வெடித்துவிட்டது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் ஆட்டோ ஒன்று சவாரிக்குக் காத்திருந்தது. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. தண்ணீர் கேட்டான். ஒருமுறை அப்பா எப்போது வருவார் என்று கேட்டான். மறுநாள் காலை கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டான். கப்பல் கதையில் கடைசி அத்தியாயம் பாக்கியிருந்தது. ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நீளமான அத்தியாயம். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, முழுவதும் படித்தேன். முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. கை சில்லென்று இருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன்.

நான்தான் அவனைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் படிக்க ஆரம்பித்தபோதே அவன் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கதை பிடிக்காவிட்டால் யுவன் நடுவிலேயே சொல்லிவிடுவான்.