கேமரா மாட்டிய சலூன்

சந்தைத் தெருவில் மருந்துக்கடையை ஒட்டிய சலூனின் உரிமையாளர், வயது நாற்பத்தொன்று, கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவியோடும் தம்பியோடும் வசித்து வருகிறேன். யாரையும் லேசில் நம்பமாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் சும்மா சிரித்தாலும் என்ன விஷயம் என்று கேட்கிற ஆள் என்று என் மனைவியே சொல்வாள். தம்பி செல்போன் பழுதுபார்க்கும் வேலை செய்து வந்தான். போன மழைக்காலத்தில் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு எங்கள் தெருவுக்குப் போலீஸ் வேன் வந்து, கண்ணில் பட்ட இளவட்டங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அதில் என் தம்பியும் ஒருவன். குற்றம் ஏதும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை.

அதன் பிறகு இந்த நிலையத்திலிருந்து இருவர் வந்து என் கடையில் கேமரா மாட்டினார்கள். தாடி எடுக்க வரும் புதுமுகங்களைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு. முகத்தில் நுரை போட்டதும் மனுஷனுக்கு வாய் தானாகத் திறக்கும். முதலாளியைத் திட்டுவது, அரசாங்கத்தைத் திட்டுவது எல்லாம் என் நாற்காலியில்தான் நடக்கும், கோபத்தை அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கேமரா வந்ததும் எல்லோரும் கப்சிப். அதன் பிறகு இளைஞர்கள் வருவதே நின்றுபோனது. விசாரித்ததில், பின்சந்தில் புதிதாகக் குடிவந்த ஒருவன் அவர்களுக்கு இலவசமாக முடி வெட்டுகிறான் என்று தெரிந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் அவனைக் கண்ணாடிக்காரன் என்பார்கள். என் தம்பியின் பிடரியில் அவன் வெட்டிவைத்திருந்த படிக்கட்டைப் பார்த்ததுமே தொழில் தெரியாதவன் என்று கண்டுகொண்டேன். அப்படிப்பட்டவன் எதற்குக் கத்தரிக்கோல் பிடிக்கிறான் என்று சந்தேகப்பட்டு, அந்த வீட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். உள்ளே அவன், "குண்டு ஒண்ணு போதும் தம்பி. மிச்சத்த அவங்க வேனே பாத்துக்கும்" என்று சொன்னதைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, "அங்க எதுக்குடா போற? எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுடா" என்றேன். தம்பி இடது காதை என் பக்கம் திருப்பி, "இந்தக் காதுல விழாதுண்ணா, வீணா கத்தாதீங்க" என்றான். மறுநாள் அவன் வீட்டில் இல்லை.

இன்று காலை தெரியாத எண்ணிலிருந்து அவன் பேசினான். "அண்ணா, நாளைக்குக் கடையத் தொறக்காதீங்க. அண்ணியக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு நேராக இங்கு வந்தேன்.

அந்தச் சந்து வீட்டுக்குப் போய்வந்த எல்லாப் பையன்களின் பெயரையும் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டார். நான் சொல்லவில்லை. அந்தப் போன்மீதே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கண்ணாடிக்காரன்தான் தம்பியைப் பேச வைத்திருக்கலாம். நான் இங்கே ஓடிவருவேன் என்று அவனுக்குத் தெரியும், உடனே நீங்கள் வேனோடு வருவீர்கள் என்பதும் தெரியும். நீங்கள் அள்ளிக்கொண்டு போகிற பையன்கள் திரும்பி வந்ததும் அவன் பக்கம்தான் சேர்வார்கள். குண்டு நிஜமாகவே இருந்தால் சனங்கள் சாவார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. தெருவைக் காலி செய்யுங்கள். கண்ணாடிக்காரனைப் பிடியுங்கள். என் தம்பியையும் பிடித்து விலங்கு போடுங்கள், ஆனால் உயிரோடு கோர்ட்டில் நிறுத்துங்கள். மற்றவர்கள் வெறும் முடிவெட்டப் போனவர்கள், அவர்களைத் தொடாதீர்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து வேன்கள், உள்ளே காலி இருக்கைகள். இரண்டு பேரைப் பிடிக்க எதற்கு ஐந்து வேன் என்று ஆய்வாளரிடம் கேட்டேன். அதையும் எழுதச் சொன்னேன்.

நான் சொன்னவை அனைத்தும் உண்மை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இதில் இல்லை.

(கையொப்பம்)
சலூன்காரர்