ஒரு ஸ்தாயி மேலே

ட்ரம்பெட் வாங்க வருகிறவர்கள் பளபளப்பில்தான் மயங்குகிறார்கள். புளி போட்டுத் தேய்த்தால் எந்தப் பித்தளையும் பளபளக்கும் சார். பார்க்க வேண்டியது வால்வை. அழுத்திய விரலை எடுத்ததும் அது தானாக எழும்பி வர வேண்டும். என் தம்பி மகிழனுக்கு நான் வாங்கிக் கொடுத்ததில் எல்லா வால்வும் அப்படித்தான் இருந்தன. கருவியில் எந்தக் குறையும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தம்மபாலன். கோலார் பக்கம் நந்திதுர்க்கில் இருக்கிறோம். அங்கே இருந்த தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷமே அப்பா போய்விட்டார். மகிழனை நான்தான் வளர்த்தேன். காய்ச்சல் வந்தால் என் முதுகில்தான் தூங்குவான். பெரியவனான பிறகும் பசித்தால் என் தட்டிலிருந்து எடுத்துத்தான் தின்பான். இரண்டு பேரும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போவோம். லீவு நாளில் பேண்டு. கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பாட்டை ஊதுகிறவன் முதல் ட்ரம்பெட். அவனுக்குக் கீழே இழைந்து போகிறவன் இரண்டாவது. வெகுகாலம் நான்தான் முதல்.

பிறகு அவன் முதலாவதானான். என்னை யாரும் தள்ளவில்லை. நானாகவே நகர்ந்துகொண்டேன். "சின்னவரு ஊதுனா பொணம்கூட எழுந்து உக்காரும்" என்பான் டிரம் அடிக்கும் எல்வின். உடனே என் பக்கம் திரும்பி, "எல்லாம் நீங்க குடுத்ததுதானேணா" என்பான். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன வருஷம் மகிழனுக்கு நெஞ்சு வலி வந்தது. கோலாரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் ஓரிடத்தில் கிழிந்து காற்று கசிந்திருந்தது. விலாவில் குழாய் போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவன் மனைவி சங்கமித்ரா மருந்து வாங்கப் போயிருந்தாள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"நுரையீரல்ல கொப்புளம் கொப்புளமா இருக்கு. அடுத்தது எப்ப வேணா வெடிக்கும். இனிமே ட்ரம்பெட் வேண்டாம். பலூன்கூட ஊத விடாதீங்க. உங்க பேச்சத்தான் கேப்பாரு, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

வார்டுக்குத் திரும்பினேன். கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாணா சொன்னாரு? ஊதலாமா?"

அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு ஊதலாம்னாரு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சங்கமித்ராவிடமும் அதையேதான் சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்ன பொய் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உடம்பு தேறியதும் பெங்களூரில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். பழையது நசுங்கிப்போயிருந்தது, புதிது வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எப்போதும் ஊதுகிற வகை. மற்றது அதில் பாதி நீளம், ஒரு ஸ்தாயி மேலே பேசும். வாய் குறுகல். காற்று எளிதாக உள்ளே போகாது. நெஞ்சிலேயே திரும்பி முட்டும். மகிழன் சின்னதை ஊதிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

"பெருசே போதும்ணா. இது மூச்ச புடுங்குது."

"ப்ரெஷர் ஜாஸ்தி வேணும் சார், பழக்கமில்லாதவங்களுக்குக் கஷ்டம்" என்றார் கடைக்காரரும்.

நான் சின்னதைத்தான் எடுத்தேன். "பெருச யார் வேணா ஊதுவான்டா. உன் கைக்கு இதான்" என்றேன். அவன் சிரித்தான். நான் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

புத்த பூர்ணிமா ஊர்வலம் சாயங்காலம் ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பின் தெருக்களைச் சுற்றி வந்தது. அவனுடைய சின்ன ட்ரம்பெட்டின் குரல் கூட்டத்துக்கு மேலே தனியாகப் போயிற்று. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலாமவனுக்கு மூச்சு முட்டினால் இரண்டாமவனைப் பார்ப்பான். இவன் பாட்டை வாங்கிக்கொள்வான், அவன் ட்ரம்பெட்டை இறக்கிவிடலாம். நடுப்பாட்டில் மகிழனின் இடது கை விலாவுக்குப் போனது. என்னைப் பார்த்தான்.

நான் அதைப் பார்த்தேன் சார். பார்த்துவிட்டு என் விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பாட்டை நடுவில் விடுகிறவன் இல்லை அவன். உச்ச ஸ்வரத்துக்குத் தானே ஏறினான். அது சுத்தமாக விழுந்தது. அதன் பிறகு அவனும் விழுந்தான்.

கோலாருக்குப் போகிற வண்டியில் அவன் தலை என் மடியில் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. "உன்ன பாத்தேன்ணா" என்றான்.

"கவனிக்கலடா."

"பரவால்லணா."

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

சங்கமித்ரா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "காலைலயே இருமுனாரு. நான்தான் தடுக்காம அனுப்பிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். அது உண்மையில்லை. டாக்டர் சொன்னதை மறைத்தது நான். அந்த ட்ரம்பெட்டைத் தேர்ந்தெடுத்தது நான். அவன் கேட்டபோது பாட்டை வாங்காமல் நின்றதும் நான். என் தம்பியை நான்தான் கொன்றேன். ஆனால் அவன்மேல் எனக்குப் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனை என்னைப்போல் நேசித்தவர்கள் கிடையாது.

அடக்கத்தன்று பேண்டு வைத்தோம். முதல் ட்ரம்பெட் ஊத வேறு ஆள் இல்லை. கல்லறை வரைக்கும் அழுதுகொண்டேதான் ஊதினேன். ஓர் இடத்திலும் பிசகவில்லை. திரும்பி வரும்போது எல்வின் என் தோளைத் தொட்டு, "பழைய மாதிரியே வந்துச்சுணா" என்றான்.

மகிழன் கேட்டிருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பான்.