டாக்டர் சொன்ன அளவு

வழுக்கை விழாத இளநீர்தான் நோயாளிக்கு நல்லது, ஐயா. ராயகிரித் தோப்பிலிருந்து என் தம்பி அப்படிப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு வேறெதுவும் தெரியாது.

என் வீட்டுக்காரர் வேல்சாமிக்கு இதயம் ரத்தத்தைத் தள்ள மாட்டாமல், கால் வீங்கி, மூச்சு முட்டியது. சங்கரன்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீர் பிரிய ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது, நீரோடு சேர்ந்து ரத்தத்திலிருந்த பொட்டாசியமும் போய்விட்டதாம். வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் மாதிரி என்று டாக்டர் எனக்குப் புரியவைத்தார். இளநீர் கொடுக்கச் சொன்னார். ஆனால் தண்ணீர், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். நான் டம்ளரால் அளந்து கொடுத்தேன்.

அந்த ஒன்பது நாளும் நன்றாகத் தூங்கினேன். அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

திங்கட்கிழமை எழுந்து உட்கார்ந்தார். அவர் சாராயம் குடிப்பதை டாக்டரிடம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, வெள்ளிக்கிழம வீட்டுக்கு வாரேன். ஒனக்கு இருக்கு," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். போன தடவை அப்படி மெதுவாகச் சொன்ன அன்றுதான் என் இடது மணிக்கட்டு ஒடிந்தது.

அன்று சாயந்திரம் நர்ஸ் அப்ரீன் பானு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தாள். "சங்கரம்மாக்கா, மாத்திரைய மாத்தியிருக்கு. கிட்னியும் சரியில்ல. இப்பம் பொட்டாசியம் ஏறுது. இனி இளநீ குடுக்காதீங்க, ஹார்ட் நின்னுரும்."

"நின்னா வலிக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தாள். பயந்துதான் இருந்தேன்.

நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லையே. கட்டிலுக்கடியில் இளநீர் நிறையக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நர்ஸிடம் சொன்னேன். எடுக்கத்தான் செய்தேன். வெளியே கொண்டுபோய் வெட்டி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குப் பதில் அது, கஞ்சிக்குப் பதிலும் அதுதான். ஒரு லிட்டரை மீறவே இல்லை.

"நல்லாருக்கு. இன்னும் ஊத்து," என்று அவரே கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் நான் கொடுத்த எதையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார். சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் சொன்னதாக மட்டும் என் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், ஐயா.