கீழ்த் தெரு வால்வு

நான் சொந்தக்காரர்களுக்குச் சிபாரிசு செய்கிற ஆள் இல்லை. என் துறையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தபோது அக்கா வீட்டுக்காரரும் மற்றவர்களோடு வரிசையில் நின்றார், கிடைக்காமல் திரும்பினார். அக்கா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே வந்து, "உன்னை வளர்த்ததுக்கு எனக்கு நல்லா வேணும்டா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். நீங்கள் எப்படியும் அவளைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழாய் ஃபிட்டர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு வால்வு தெரியும், காரணம் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் குடிநீர்த் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. சமையல் பாத்திரங்களுக்கு ஒட்டாத பூச்சு போடும் தொழிற்சாலையின் கழிவு ஊர்க் கிணறுகளில் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தது என் பிரிவுதான். கொதிக்க வைத்தாலும் போகாது, மண்ணிலும் மக்காது. விருந்தாளி மாதிரி உடம்புக்குள் வந்து வீட்டுக்காரன் மாதிரி தங்கிவிடும். குடிதண்ணீரில் அது எவ்வளவு இருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்த வரியை எழுதவைக்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன். நம்பினால் நம்புங்கள், அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டம் பற்றி முடிவெடுக்கும் குழுவின் முதல் விசாரணையில் கம்பெனி வக்கீல் மெதுவாக எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இந்த ஊர்ல எல்லாரும் ஒரே தண்ணியத்தானே குடிக்கிறாங்க? அப்புறம் யாரோட ஒப்பிட்டு இவங்களுக்கு நோய் அதிகம்னு சொல்றீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டார். ஆதாரத்தோடு வாருங்கள் என்று சொல்லிக் குழுத் தலைவர் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தபோது, அது நியாயமான கேள்வி என்று பட்டது. அந்த வக்கீல்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அடுத்த வருடம் மலை நீர்த்தேக்கத்திலிருந்து நல்ல தண்ணீருக்குப் புதுக் குழாய் வந்தது. தொழிலாளர் குடியிருப்பில் மேல் தெரு, கீழ்த் தெரு என்று இரண்டே தெருக்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே சம்பளம், ஒரே சந்தைக் காய்கறி. மேல் தெரு வால்வைத் திறக்கச் சொன்னேன். ஃபிட்டர் கீழ்த் தெரு வால்வில் கம்பியை மாட்டித் திருகப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இதையும் திறந்துடலாமே சார்?"

"பிரஷர் பத்தலை. அப்புறம் பாத்துக்கலாம்."

பிரஷர் தாராளமாக இருந்தது. கீழ்த் தெருக் குழாய்களில் பழைய கிணற்றுத் தண்ணீரே தொடர்ந்தது. பிரஷர் இருப்பது அவருக்கும் தெரியும். பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்டு நச்சரித்ததால் அவருக்கு வெளியூர் மாற்றல் வாங்கிக் கொடுத்தேன். அவர் மனைவிக்கு அது பிறந்த ஊர், அதனால் அவருக்கும் நல்லதாகவே முடிந்தது.

அக்கா வீடு கீழ்த் தெருவில் இருக்கிறது. அவளுக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவளுக்கு ஒரு நியாயம், பக்கத்து வீட்டுக்கு ஒரு நியாயமா?

இலவச மருத்துவ முகாம் என்று சொல்லி இரண்டு தெருக்களிலும் ரத்தம் எடுத்தோம். மேல் தெருக்காரர்கள் ரத்தத்தில் அந்த ரசாயனம் மெல்ல இறங்கியது. கீழ்த் தெருவில் ஏறிக்கொண்டே போனது. பிறகு நோய்களும் பிரிந்து நிற்க ஆரம்பித்தன. சிறுநீரகம், தைராய்டு, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் கீழ்த் தெருவில்தான். ஒவ்வொரு முடிவு வரும்போதும் என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

எல்லாம் கூடிவருகிற நேரத்தில் கீழ்த் தெருவில் யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். சிலர் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். அப்படியே விட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அக்கா போன் செய்து வரச் சொன்னாள். போனால் அவள் வாசலில் தெருவே கூடியிருந்தது. அக்கா மகள் வாயும் வயிறுமாகக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நீ சொல்லுடா. இந்தத் தண்ணி நல்லதா இல்லையா? நீ சொன்னா நாங்க கேட்டுக்கறோம்" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் பேசுவது எனக்குப் பிடிக்காது. குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தேன். ஒரு டம்ளர் யாரையும் எதுவும் செய்யாது, வருடக்கணக்கில் குடித்தால்தான்.

"மாமாவே குடிச்சுட்டாரு, அப்புறம் என்ன?" என்று அக்கா மகள் சிரித்தாள். கேன் வண்டி அந்தத் தெருவுக்குள் வருவது நின்றது.

அந்தக் குழந்தை தங்கவில்லை. அடக்கத்துக்குப் போனேன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அது நடிப்பில்லை, நீங்கள் அவளையே கேட்கலாம். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து அந்தக் குழந்தையையும் கணக்கில் சேர்த்தேன். அது சேர்ந்த பிறகுதான், இரண்டு தெருக்களுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாத அளவைத் தொட்டது.

இரண்டாவது விசாரணையில் அதே வக்கீல் எழுந்தார். என் ஆதாரத்தைப் புரட்டிப் பார்த்தார். அதை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டம் வந்தது. இனி நாடு முழுக்க எந்தக் குழாயிலும் அந்த விஷம் அளவு மீறி வரக் கூடாது. உங்கள் வீட்டுக் குழாயும் அதில் அடக்கம். அதற்காக நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சட்டம் வந்த பிறகாவது ஏன் வால்வைத் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். திறக்கத்தான் கிளம்பினேன். கம்பியை நானே ஜீப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். வழியில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போய்விட்டதாம். கீழ்த் தெருவில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது அவர்கள் வாதமாம். அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கூப்பிட்டாள். மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஜீப்பைத் திருப்பினேன்.

திருப்பியது நான்தான், வேறு யாரும் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பாசம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "இந்தத் தடவை அவளை நல்லா பாத்துக்கக்கா" என்றேன். "நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லு."