இசக்கித்தாயின் நாக்கு

ஐயா,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நேற்று ஸ்டேஷனில் வாசித்துக் காட்டிய அறிக்கையில், ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் அஜாக்கிரதையால் லேபிள் இல்லாத கேன் மேஜைமேல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வுக்கூடத்தைப் பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு புட்டி இடம் மாறி இருந்ததில்லை. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக விட்டதில்லை. அஜாக்கிரதை என்ற சொல் எனக்குப் பொருந்தாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை எழுதுவது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் பெயர் செண்பகம். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் வயல். பள்ளிக்கூடம் அங்கேதான். ஜெயஷீலா டீச்சர் எங்களை முதன்முதலாக ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போன அன்று, எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பிறகு ஆளுக்கொரு லிட்மஸ் தாள் கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றில் நீலத் தாள் சிவப்பானது. சுண்ணாம்புத் தண்ணீரில் சிவப்புத் தாள் நீலமானது. முதல் பெஞ்சில் இருந்த டாக்டர் மகளுக்கு என்ன நிறம் வந்ததோ அதே நிறம்தான் எனக்கும் வந்தது. ஆளைப் பார்த்து நிறம் மாறவில்லை. வேதியியல் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

தருவைகுளத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி ராஜதுரை அண்ணாச்சியின் இறால் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. எட்டுத் தொட்டிகள். குஞ்சு என்றால் இமைமுடி அளவுதான் இருக்கும். தண்ணீர் கொஞ்சம் அமிலமானாலும் சாகும், அதிகம் காரமானாலும் சாகும். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு பி.எச். என்று பெயர். ஏழு என்றால் நடுநிலை, சுத்தமான தண்ணீர். கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். நல்ல கடல் தண்ணீர் எட்டுக்குச் சற்று மேலே நிற்கும். குஞ்சுக்கு வேண்டியதும் அதுதான். தினமும் காலையில் பேனா போன்ற ஒரு கருவியை எட்டுத் தொட்டியிலும் விட்டு அந்த எண்ணை எழுதுவது என் வேலை.

இசக்கித்தாய் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். என்னைவிட இரண்டு வயது இளையவள், எட்டாம் வகுப்புப் படிப்பு. முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, கால் வெடிப்பில் உப்பு ஏறித் தாங்க முடியாமல் எங்களிடம் தொட்டி கழுவ வந்தாள். வந்த இரண்டாவது வாரம் நாலாம் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டு, "செம்பகக்கா, இந்தத் தண்ணி நேத்தைக்கு மாதிரி இல்ல. கொஞ்சம் செத்துக் கெடக்கு" என்றாள்.

பேனாவை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் எட்டு புள்ளி இரண்டு. அன்றைக்கு ஏழு புள்ளி எட்டு.

அண்ணாச்சி அந்த நேரம் பின்னால் நின்றார். "ஏளா, நீ எப்படிச் சொல்லுதே?" என்று கேட்டார்.

"அளத்துல தண்ணிய நக்கி நக்கித்தான பொழச்சேன் அண்ணாச்சி. அதுக்கு இது பாயாசம்லா."

அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "எழுதிட்டியாம்மா" என்பதோடு சரி.

மறுநாளிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் நாக்கில் வைத்து எண் சொல்வாள். எண்களை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். பிறகு நான் பேனாவை விடுவேன். புள்ளிக்கு அடுத்த எண்ணில் ஒன்று, இரண்டு வித்தியாசம் இருக்கும், அதற்கு மேல் இருக்காது. நாக்கால் மட்டும் அது முடியாது. தண்ணீரின் நிறம், வாடை, விரலில் படும் வழவழப்பு எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஏதோ சொல்லியிருக்கும். அது எனக்கு விளங்கவில்லை. முதல் ஆறு மாதம் அண்ணாச்சி அவள் சொன்னதை என் பேனாவால் சரிபார்த்தார். அதற்குப் பிறகு என் பேனா சொன்னதை அவளால் சரிபார்த்தார். "எட்டு மூணா? ஏளா இசக்கி, நீ ஒருக்கா பாத்துச் சொல்லு" என்பார். வெளியூரிலிருந்து குஞ்சு வாங்க வருகிறவர்களை நேரே தொட்டிக்குக் கூட்டிப்போய் அவளைக் காட்டுவார். அவர்களில் ஒருவர் வீடியோ எடுத்தார். அதை நிறையப் பேர் பார்த்தார்களாம். அதில் பேனாவைப் பிடித்திருக்கும் என் முழங்கை தெரியும்.

இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது ஓர் அளவுக் கோளாறாகத்தான் பட்டது. செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்த முதல் காரியத்தைச் செய்து ஒருத்தி பேர் வாங்கினால், எங்கேயோ ஏதோ சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பேனாவுக்குத் தானாக எண் தெரியாது. ஏழு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு திரவத்தில் அதை நனைத்து, ஏழு காட்டும் வரை பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகைத் திருப்ப வேண்டும். அந்தத் திரவத்தை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் பேனாவையும் நம்பலாம். அந்தப் புட்டியை நிரப்புகிறவள் நான்.

சென்ற ஆடி மாதம் இரண்டாவதாக ஒரு புட்டி தயார் செய்தேன். அதே அளவு, அதே மூடி, என் கையெழுத்தில் அதே 7. உள்ளே இருந்தது ஏழரை. அதில் சரிசெய்த பேனா, எந்தத் தண்ணீரையும் அரை எண் குறைத்துச் சொல்லும்.

அன்று நாலாம் தொட்டியில் இசக்கித்தாய் "எட்டு ரெண்டு" என்றாள். பேனா ஏழு ஏழு என்றது.

"இல்லியே, தண்ணி நல்லாத்தான இருக்கு" என்றாள்.

பேனாவை என் புட்டியில் விட்டு அண்ணாச்சியிடம் நீட்டினேன். 7.0. அவர் எண்ணையும் லேபிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மிசினு சரியாத்தானம்மா இருக்கு" என்றார். பிறகு எல்லோரும் பார்க்க, காரம் ஏற்றும் சோடா என்று சொல்லி ஒரு கிலோ வெள்ளைப் பொடியைத் தொட்டியில் கரைத்தேன். அது பொடி உப்பு. பத்து டன் கடல் தண்ணீரில் ஒரு கிலோ உப்பு என்ன செய்யும்? அரை மணி நேரம் கழித்து, சரியான புட்டியில் திருகைத் திருப்பிவிட்டு மறுபடி அளந்தேன். எட்டு இரண்டு.

"இப்பப் பாருளா" என்றார் அண்ணாச்சி.

அவள் விரலை விட்டாள், நாக்கில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு அண்ணாச்சி."

வேன் டிரைவர் ஜெரால்டு முதலில் சிரித்தான். "இசக்கியக்கா நாக்கு நேத்து வச்ச கருவாட்டுக் குழம்புலயே தங்கிட்டு போல." எல்லோரும் சிரித்தார்கள். "போலே மூதி" என்று அவளும் சிரித்தாள். ஆனால் விரலைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயா, அவள் சொன்னது முழு உண்மை. தண்ணீரில் எதுவுமே மாறவில்லை. அந்த உண்மையைச் சொன்னதால்தான் அவள் பொய்யாகிப்போனாள். அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை என் கையால் அதற்கு முன் நடந்ததில்லை.

ஐப்பசிக்குள் பதினான்கு முறை இப்படிச் செய்தேன். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்தாவது தடவைக்கு அவசியம் வரவில்லை. அண்ணாச்சி கூப்பிட்டபோது, "செம்பகக்காகிட்டயே கேளுங்க அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு பிரஷை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்ப்பதுகூட இப்போது மகள் முத்துச்செல்விதான் என்றாள். "எனக்கு உப்பே பிடிபட மாட்டேங்குதுக்கா." என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்து அவளுக்கு வைத்தேன். அன்றைக்கு அவளை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதோடு நின்றிருக்கும். தை மாதம் அவளாகவே வந்து, தண்ணீரைப் பார்க்கச் சொல்லித்தரும்படி கேட்டாள். "மொதல்லேருந்து படிக்கேன்க்கா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ள மாதிரி சொல்லிக் குடுங்க." மறுக்கக் காரணம் இல்லை. தினமும் காலையில் மேஜைமேல் ஐந்து டம்ளர் வைத்தேன். வினிகர் கலந்த தண்ணீர், ஆப்பச்சோடாத் தண்ணீர், எலுமிச்சை, கடல் தண்ணீர், வெறும் தண்ணீர். வினிகரும் எலுமிச்சையும் நாலைந்து சொட்டுத்தான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள், நான் பேனாவை விட்டு, எண் என் பக்கம் இருக்கும்படி பிடித்துச் சொல்வேன். பாதி நாள் மாற்றிச் சொன்னேன். புளிக்கிறது என்றால் காரம் என்றேன். அவள் தலையைத் தலையை ஆட்டி மனப்பாடம் செய்வாள். இரண்டு மாதம் இப்படிப் போனது.

பங்குனியில் ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து வீட்டுல நானே எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு தண்ணியில விட்டுப் பாத்தேன்க்கா. புளிக்கத்தான் செய்யுது. முத்துச்செல்வியும் புளிக்குன்னுதான் சொல்லுதா" என்றாள்.

"அதனால?"

"நம்ம பேனா கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கோ என்னமோ. அண்ணாச்சிகிட்ட புதுசு ஒண்ணு கேப்பமா? அந்த ஏழாம் நம்பர் தண்ணியும் கடையில வாங்கினதா இருந்தா நல்லது. தண்ணி கெட்டா பேனா என்னக்கா செய்யும்?"

என்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள். மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் எனக்கு வரவில்லை. ஆனால் கல்லூரியில் மூன்று வருடம் படித்து நான் புரிந்துகொண்ட விஷயத்துக்கு, வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துபார்த்து அவள் வந்து சேர்ந்துவிட்டாள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "நாளைக்குக் கேப்போம்" என்றேன்.

தொட்டி கழுவுவதற்கு காஸ்டிக் சோடாக் கரைசல் வைத்திருப்போம். தோலில் பட்டால் தோலைத் தின்னும். அந்தக் கேனின் லேபிள் தானாக உரியவில்லை. வெந்நீரில் நனைத்து நான் உரித்தேன். மேஜைமேல் அதை வைத்ததும் நான். ஐந்தாவது டம்ளரில் ஊற்றியதும் நான்.

மறுநாள் காலையில் முதல் நான்கு டம்ளரையும் அவள் சரியாகச் சொன்னாள். நானும் சரி என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. ஐந்தாவதில் விரல் நுனியை விட்டவள் சட்டென்று எடுத்துவிட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"வழுக்குதுக்கா. விறுவிறுன்னு இருக்கு. இது பெருங்காரம். வாயில வைக்க வேண்டாம்னு தோணுது."

நான் பேனாவை எடுக்கவில்லை. பதிவேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கக்கா. என் விரல நான் நம்பல. நீங்க சொன்னா சரி."

"ஏழு" என்றேன். "வெறும் தண்ணி."

"அப்ப நாக்கு போனது போதாதுன்னு விரலும் போச்சா" என்று சிரித்தாள். "வெறும் தண்ணின்னா ஒரு வாய் குடிச்சே பாத்துருதேன்." டம்ளரை நன்றாகச் சாய்த்தாள்.

அவள் விழுந்த பிறகு முதலில் பேனாவை அந்த டம்ளரில் விட்டேன். பதின்மூன்று புள்ளி ஆறு. அதைப் பதிவேட்டில் எழுதினேன். நீங்கள் கைப்பற்றிய பதிவேட்டில், அன்றைய தேதியில் கடைசிக் கட்டத்தில் இருக்கும். பிறகுதான் ஜெரால்டைக் கூப்பிட்டேன். வேனில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் போனேன். வாயைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே போனேன். காரம் பட்டால் செய்ய வேண்டிய முதலுதவி அது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பிழைத்துக்கொண்டாள். பேச்சு வருவது சந்தேகம் என்கிறார்கள். ருசி இனித் தெரியாது. உங்களுக்கு அவள் தாளில் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை நேற்று ஸ்டேஷனில் படித்தேன். "அக்கா பேரில் தப்பு இல்லை. பேனா பழுது" என்று எழுதியிருக்கிறாள். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். பேனாவில் பழுது எதுவும் இல்லை; அவள் விழும் வரை அந்த டம்ளரில் அதை நான் விடவே இல்லை. நான் வேண்டுமென்றே, தெரிந்தே, முந்தின நாளே முடிவு செய்து இதைச் செய்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தின் நகல் இசக்கித்தாய்க்குப் போக வேண்டாம். காஸ்டிக் விஷயத்தில் அவள் விரல் சரியாகச் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை மறைக்க முடியாது. நாலாம் தொட்டியில் அன்றும், அதற்குப் பிறகு பதின்மூன்று தடவையும் அவள் சொன்னதுதான் சரி என்பது அவளுக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரிந்தால் போதும். நாக்கு போன பிறகு, அது எப்பேர்ப்பட்ட நாக்கு என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. அவள்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன்.