முதல் இரண்டு இடங்கள்

எடின்பரோவில் மழைக்கு யாரும் குடை பிடிப்பதில்லை. அன்றும் நான் நனைந்துதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். ஒருவர் பார்ப்பது வேறு அறையில் இருப்பவர் மனதுக்குத் தெரியுமா என்பதே என் ஆய்வு. விசாரணைக் குழு கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஊனா மாங்க்ரீஃப் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஐம்பத்தொரு வயது. பிங்பாங் பந்தைப் பாதியாகப் பிளந்து அவள் கண்கள்மேல் ஒட்டிப் படுக்க வைப்போம். வேறொரு அறையில் ஒருவர் ஒரு படத்தை உற்றுப் பார்ப்பார். முடிந்ததும் அந்தப் படமும் சேர்ந்த நான்கு படங்களை ஊனாவிடம் தருவோம். மனதில் தோன்றியதற்கு எது நெருக்கமோ, அந்த வரிசையில் அடுக்குவாள்.

சரியான படம் முதலில் வந்தால்தான் வெற்றி என்று தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். முப்பத்திரண்டு அமர்வுகள். குருட்டாம்போக்கிலேயே எட்டு சரியாக வரும். அவளுக்கு ஏழு வந்தது.

ஆனால் பதினேழு முறை அந்தப் படம் இரண்டாம் இடத்தில் இருந்தது. முதல் இரண்டு இடங்களையும் வெற்றியாகக் கொண்டால் இருபத்துநான்கு, பதினாறுதான் இயல்பு. தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி, பழைய தேதியைப் போட்டேன். எண் எதையும் திருத்தவில்லை.

"சூப்புல உப்பு இருக்கான்னே எனக்குத் தெரியாது டாக்டர், எனக்கா இந்த சக்தி?" என்று ஊனா சிரித்தாள். போகப்போக நம்பிவிட்டாள்.

இரண்டாவது தொடரின் நடுவில் மருத்துவமனைக் கடிதத்தோடு வந்தாள். மார்பில் கட்டி.

"உடனே அறுக்கணுங்கறாங்க. நான் கண்ண மூடிப் பாத்தேன் டாக்டர். உள்ள ஒண்ணுமே இல்ல. எனக்கு நெஜமாவே தெரியுதுல்ல? நீங்க சொல்லுங்க, நான் போகல."

இன்னும் பதினான்கு அமர்வுகள் இருந்தன. அவள் போனால் தொடர் பாதியில் நின்றுவிடும்.

"கணக்குல தப்பே இல்ல, ஊனா. உங்களுக்குத் தெரியுது" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்தத் தொடரின் முப்பத்திரண்டு அமர்வுகளில் முதல் இரண்டு இடங்களுக்குப் பதினைந்துதான் வந்தது. ஆனால் சரியான படத்தை அவள் கடைசியில் வைத்தது மூன்றே முறை. கடைசியில் வைக்காமல் தவிர்ப்பதும் ஒரு சக்திதான் என்று கட்டுரையில் எழுதினேன்.

நவம்பரில் ஊனா இறந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்பது முதல் தொடர் முடிந்த அன்றே எனக்குத் தெரியும். கடிதத்தை அவள் நீட்டியபோதும் தெரியும்.

கட்டுரையை அவள் பெயருக்கே சமர்ப்பித்திருக்கிறேன். அவளை நான் எவ்வளவு மதித்தேன் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?