பல் டாக்டர் வண்டிக்கு எடுத்த ஸ்பிரிங்

வண்டியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்ட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் உயரத்தைத்தான் கேட்பார்கள் ஐயா. முன்பக்கம் எவ்வளவு கனம் சுமக்கப்போகிறது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. முன் ஸ்பிரிங்கைக் கனம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரும்பு பம்பரும், வடம் சுற்றி இழுக்கிற வின்ச்சும் மாட்டின வண்டிக்குத் தடித்த கம்பி. ஒன்றும் மாட்டாத வண்டிக்கு அதைப் போட்டால் உட்கார்ந்திருப்பவன் குடலைக் குலுக்கி எடுத்துவிடும்.

பல் டாக்டர் வண்டியில் ஒன்றும் மாட்டவில்லை. லீவு நாளில் ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அதற்கு ஏன் இருப்பதிலேயே தடித்ததை எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தம்பியும் அதைத்தான் கேட்டான்.

"என்னண்ணே, டாக்டரு லாரி வாங்கிட்டாரா? முன்னாடி கனமே இல்லையே."

"அடுத்து வின்ச்சு போடப்போறாரு. மாட்டுடா."

"அதுக்குள்ள அவரு பல்லே ஆடிப்போயிரும். அவருக்கு யாருண்ணே வைத்தியம் பாக்கிறது?"

சிரித்துக்கொண்டேதான் தூக்கி வந்தான். தப்பென்று தெரிந்தாலும் அண்ணன் சொன்னால் செய்வான். அந்த மரியாதை அவனிடம் கடைசிவரை குறையவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா போனபிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். அவன் வயிறு காயக்கூடாது என்று கல் உடைத்திருக்கிறேன், மூட்டை தூக்கியிருக்கிறேன். பட்டறை போட்டதும் அவனைக் கூடவே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாக, வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து "சின்னவர் இல்லையா?" என்பார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான். பெண்டாட்டியின் அண்ணன் வேறு ஊரில் ஷெட் பிடித்துக் கொடுக்கிறாராம். குடும்பத்தோடு போய்த் தனியாகத் தொழில் பண்ணப்போகிறானாம். "நீயும் எத்தனை காலம்ணே என்னையக் கட்டி மேய்ப்ப?" என்று விளையாட்டாகக் கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பிட்டு முடித்தேன், கை கழுவினேன், ரேக்கில் ஸ்பிரிங் தேடினேன்.

புது ஸ்பிரிங் நீளம். ஷாக் அப்சார்பருக்கு மேல் உட்கார வேண்டுமானால் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கொக்கி போட்டு இறுக்கி, அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் வளைந்து நழுவித் தெறித்துவிடும். பிறகு ஒருத்தன் குனிந்து மேல் தட்டை வைத்து நட்டை முடுக்குவான். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். கொக்கி மாட்டியவன் "பிடிச்சாச்சு" என்றால் மற்றவன் சரிபார்ப்பதில்லை. பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம். நான் இரண்டு கொக்கியையும் ஒரே பக்கமாகப் போட்டேன். அவன் நட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பிடிச்சாச்சு என்றேன்.

மெல்லிய ஸ்பிரிங் நழுவினால் விரல் நசுங்கும், பத்தியம் இருந்தால் ஆறிப்போகும். தடித்தது கையையே எடுத்துவிடும். அதனால்தான் தடித்தது. ஒரு கையோடு எவனும் தனிப் பட்டறை வைக்க முடியாது. கூடவே இருந்திருப்பான். நான் சோறு போடாமலா விட்டுவிடுவேன்?

அவன் நான் நினைத்ததைவிட அதிகமாகக் குனிந்துவிட்டான். சத்தம் கேட்டது. பார்த்தால் கீழ்த்தாடை இருந்த இடத்தில் தாடை இல்லை. ஸ்பிரிங் சுவரில் மோதி உருண்டு என் காலடிக்கே வந்தது. துணி எடுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் அவன் தரையில் ஊர்ந்து வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். "எங்கடா போற, இரு" என்றேன். நிற்கவில்லை. ஜாக்கி லிவரை எடுத்து முழங்காலில் போட்டேன். அப்புறமும் முழங்கையை ஊன்றி இழுத்தான். முழங்கையிலும் போட்டேன். அந்த நிலைமையில் ஒருத்தனை வெளியே விடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

மல்லாக்கப் புரட்டினேன். மிச்சத்தைத் தலையில்தான் முடிக்க வேண்டியிருந்தது. லிவரை ஓங்கும்போதும் அவன் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. வாசல் கை நீட்டுகிற தூரம்தான், கதவும் திறந்துதான் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, என்னையேதான் பார்த்தான். என்னை விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை ஐயா.